குடலிறக்கம் என்று சொல்லியிருந்தோம்

மே 11, ஞாயிறு

புதன்கிழமை எனக்கு அறுவை சிகிச்சை. இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல் நீளமாகத் தைத்துவிடுவார்கள். டாக்டர் தாளில் படம் வரைந்து காட்டினார். விபத்தில் அடிபட்ட லாரி, கார்களைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சேத மதிப்பு எழுதிக் கொடுப்பது என் தொழில். படம் வரைந்து விளக்குகிறவர்களை நான் சாமானியமாக நம்புவதில்லை. இவரை நம்ப வேண்டியதாகிவிட்டது. எடை நூற்று முப்பத்தெட்டு கிலோ. சர்க்கரை, முழங்கால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது எல்லாம் இருக்கிறது. வயது நாற்பத்தொன்பது.

உணவு ஆலோசகர் ஸ்டெல்லா மேரி தினமும் சாப்பிட்டதை, குடித்ததை எழுதி வைக்கச் சொன்னார். எழுதுகிறேன்.

அறுவைக்கு முன் ஒரு தடவையாவது அவர்கள் கூட்டத்துக்கு வந்தே ஆகவேண்டுமாம். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியின் மாடியில் நடக்கிறது. இதே ஆபரேஷன் ஆனவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருவர் முட்டையின் வெள்ளைக்கரு பற்றியே வெகுநேரம் பேசினார். புதிதாக வருகிறவர் ஒவ்வொருவருக்கும் பழைய ஆள் ஒருவரைத் துணைக்குப் போடுகிறார்கள். எனக்கு வந்தது குர்ஷித் பானு. பெருந்துறையில் கல்யாணப் பெண்களுக்கு உடையும் கவரிங் நகை செட்டும் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறாள். மூன்று வருஷம் முன்பு ஆபரேஷன் ஆனவள்.

"சாயந்தரம் ஒரு போன் பண்ணுவனுங்கண்ணா. ரெண்டே கேள்விதான். தண்ணி குடிச்சீங்களா, மாத்திரை போட்டீங்களா. கோவிச்சுக்கக் கூடாது" என்றாள்.

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்றேன்.

என் மனைவி சாந்தாமணியின் அண்ணன் வெள்ளியங்கிரியிடம் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறோம். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். விஷயம் தெரிந்தால் 'கத்தி வெச்சு எளைச்ச மாப்ள' என்று மண்டியிலிருந்து பவானி வரை பேர் போய்விடும்.

மே 13, செவ்வாய்

நாளை காலை. வேறு விசேஷமில்லை.

மே 18, ஞாயிறு

முடிந்தது. வயிற்றில் சின்னச் சின்னதாக ஐந்து தையல். மூடியளவு தண்ணீர் குடித்தேன், நிறைந்துவிட்டது.

மே 26, திங்கள்

வீட்டுக்கு வந்தாகிவிட்டது. பருப்புத் தண்ணீர், வடிகட்டிய மோர், புரதப் பொடி. பொடிக்குப் பழைய சாக்பீஸ் வாசம்.

சாந்தாமணி இப்போதெல்லாம் நான் ஹாலில் இருக்கும்போது சாப்பிடுவதில்லை. எனக்கு ஆசை வந்துவிடும் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது. நான் கேட்கவில்லை. தாளிக்கும் சத்தம்கூட வருவதில்லை. வசதிதான்.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு எங்காவது போய்ச் சாப்பிட்டு வருவோம். ஒரு வாரம் பள்ளிபாளையம் சிக்கன், ஒரு வாரம் அந்தியூர்ப் பக்கம் ஒரு மெஸ். நேற்றைக்கு முந்தின ஞாயிறு ஆஸ்பத்திரி. நேற்று இரண்டு பேரும் டி.வி. பார்த்தோம்.

பானு போன் செய்தாள். இரண்டு கேள்வி. இரண்டுக்கும் ஆச்சு என்றேன். இரண்டும் உண்மை.

ஜூன் 8, ஞாயிறு

கூட்டத்துக்குப் போனேன். பதினான்கு கிலோ குறைந்திருக்கிறேன் என்று சொன்னதும் கைதட்டினார்கள். கைதட்டலுக்கு நான் பழக்கப்பட்டவன் இல்லை. லாரியைப் பார்த்துச் சேதம் இவ்வளவுதான் என்று எழுதுகிறவனுக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள்.

ஞானப்பிரகாசம் என்று ஒருவர் கைத்தடியோடு வந்திருந்தார். உடுமலையில் பள்ளிக்கூட வாத்தியார். ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் வாந்தி வந்ததாம். சரியாகிவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஏதோ ஒரு வைட்டமின் உடம்பில் சுத்தமாக இல்லாமல் போய், நரம்பைத் தாக்கிவிட்டது. கால் இன்னும் முழுசாகத் தேறவில்லை.

"வாந்தி வந்தா வெக்கப்படாதீங்க. போன் பண்ணுங்க. அவ்வளவுதான் நான் சொல்றது" என்றார். அதைச் சொல்லத்தான் ஒவ்வொரு மாதமும் வருகிறாராம்.

அவர் விஷயம் வேறு. எனக்கு வாந்தி கிடையாது.

ஜூன் 19, வியாழன்

குழைந்த சாதம், மசித்த காய், வேகவைத்த மீன் சாப்பிடலாம் என்று அனுமதி. மீன் சரிப்படவில்லை. வேகமாகத் தின்றுவிட்டேன். பெருந்துறை பைபாஸில் கவிழ்ந்த டேங்கர் ஒன்றைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. சாப்பிட்டது அப்படியே வெளியே வந்துவிட்டது. பிறகு ஒன்றுமில்லை. டேங்கர் மொத்தச் சேதம்.

ஜூன் 27, வெள்ளி

வெள்ளியங்கிரி மச்சான் மகளுக்குக் கல்யாணம். ஊரே வந்திருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்து "அட, எளைச்சுட்டீங்களே" என்றார்கள். குடலிறக்கம், பத்தியச் சாப்பாடு என்றேன். கோட்டு தோளில் தொங்கியது. கண்ணாடியில் பார்த்தபோது மோசமில்லை.

பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். எழுந்து போயிருக்கலாம். மச்சான் நேராக என் இலைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். பெரிய உடம்பு. பந்தலில் பாதி வெளிச்சத்தை அவரே மறைத்தார்.

"என்னங்க மாப்ள, கோழி கொத்துன மாதிரி இருக்குது? என்ற புள்ள கண்ணாலத்துல நீங்க எலைய மூடுனா ஒறம்பரைக, சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க? ஏப்பா, இங்க ஜாங்கிரி வெய்யி. ரெண்டு வெய்யி."

சாந்தாமணி பக்கத்து இலையிலிருந்து, "அண்ணா, அவருக்கு வவுறு சரியில்லீங்" என்றாள்.

"கண்ணாலச் சோத்துல கெடாத வவுறு, அம்மிணி" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சாதம், பருப்பு, இரண்டு பொரியல், ஒரு ஜாங்கிரி முழுவதும் சாப்பிட்டேன். மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது. சாந்தாமணி முதுகைத் தடவிக்கொடுத்தாள். தன் பட்டுச்சேலைத் தலைப்பால் என் வாயைத் துடைத்தாள். வேண்டாம் என்றேன். கறை படிந்துவிட்டது.

சாயந்தரம் பானு கேட்டாள். ஆச்சு என்றேன்.

ஜூலை 2, புதன்

காலையில் இட்லி. நிற்கவில்லை. மத்தியானம் மோர். அதுவும் நிற்கவில்லை. வைட்டமின் மாத்திரையின் வாசத்துக்கே குமட்டுகிறது. கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருக்கிறேன். எப்படியும் வெளியேதான் வரப்போகிறது, வீணாவானேன்.

எடை நன்றாக இறங்குகிறது.

ஜூலை 5, சனி

பானு: "வாந்தி ஏதாச்சும் வருதுங்களாண்ணா?"

நான்: "அதெல்லாம் இல்லீம்மா."

கூட்டத்தில் கைதட்டியவர்களிடம் போய் கல்யாண வீட்டில் ஜாங்கிரி தின்றேன் என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும்.

ஜூலை 8, செவ்வாய்

பாதம் இரண்டும் மரத்த மாதிரி இருக்கிறது. செருப்பு கழன்று போனது தெரியாமல் வெறுங்காலோடு வாசல் வரை போயிருக்கிறேன். வெயில் காரணமாக இருக்கலாம்.

ஜூலை 11, வெள்ளி

சங்ககிரி அருகே லாரி விபத்து. ஒரு லாரிதான் என்று டிரைவர் அடம்பிடித்தான். நான் இரண்டு பார்த்தேன். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தாற்போல் நின்றன. ஒரு கண்ணை மூடினால் ஒன்று. ரிப்போர்ட்டில் இரண்டு என்று எழுதி அனுப்பினேன். கம்பெனியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். மரியாதையில்லாமல் கேட்டார்கள்.

படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன். சாந்தாமணி இன்றைக்கு என்னோடு சரியாகப் பேசவில்லை. சங்ககிரி போன விஷயத்தை மூன்று தடவை அவளிடம் சொன்னேனாம். நான் ஒரு தடவைதான் சொன்னேன்.

ஜூலை 13, வியாழன்

கூட்டத்துக்குப் போகவில்லை. பானு போன் செய்தாள். பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது.

"ஏனுங்கண்ணா வரலை?"

"வேலை."

"காலைல என்ன சாப்ட்டீங்க?"

யோசித்தேன். இட்லி என்று நினைக்கிறேன். இட்லி என்றேன்.

"அண்ணா, இன்னிக்கு என்ன கிழமைங்க?"

என்ன கேள்வி இது. வியாழன் என்றேன். அந்தப் பக்கம் யாரையோ கூப்பிட்டாள். பிறகு, "அக்காகிட்ட போனைக் குடுங்க" என்றாள். சாந்தாமணி போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அழுகிறாள் போலிருக்கிறது. எனக்குத் தெரியாமல் பேச என்ன இருக்கிறது.

சாயந்தரம் கூட்டத்துக்குக் கிளம்ப வேண்டும்.

ஜூலை 30, புதன்

மேலே எழுதியதை இன்றுதான் படித்தேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வியாழன் என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதில் முதல் சில நாட்கள் எனக்குச் சுத்தமாக நினைவில்லை. சாந்தாமணி சொன்னதை எழுதுகிறேன்.

பானு போன் செய்தது கூட்டத்திலிருந்து. நான் கிழமையைத் தப்பாகச் சொன்னதும் போனை ஸ்டெல்லா மேரியிடம் கொடுத்துவிட்டாள். தினமும் வாந்தி, இரட்டையாகத் தெரிகிறது, தடுமாறி நடக்கிறார் என்று சாந்தாமணி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். யாராவது கேட்க மாட்டார்களா என்று அத்தனை நாளாகக் காத்திருந்தேன் என்றாள். உடனே அழைத்து வாருங்கள், வழியில் வேறெங்கும் நிறுத்த வேண்டாம் என்று ஸ்டெல்லா மேரி சொல்லியிருக்கிறார்.

நானே ஓட்டுகிறேன் என்று கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றேனாம். அண்ணனைக் கூப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். சாந்தாமணி கைபிசைந்து நின்றிருக்கிறாள். கடைசியில் பானு தன் வீட்டுக்காரர் சாதிக்கை அனுப்பினாள். கடைச் சாமான் ஏற்றும் வேன். ஜிகினாப் பூத்திரையும், கல்யாணப் பெண் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியும் உள்ளே இருந்தன. இறக்கி வைக்க நேரமில்லை. என்னை அந்த வெல்வெட் நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டிக்கொண்டு போனார்கள்.

ஞானப்பிரகாசத்துக்கு வந்த அதே வியாதி. பி-ஒன் என்கிற வைட்டமின் தீர்ந்துபோனால் கண், கால், கடைசியில் புத்தி என்று வரிசையாகப் போகுமாம். அதை டிரிப்ஸில் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்ததில் தையலிலும் வழியிலும் குறையில்லை. தின்ற வேகமும் அளவும்தான் காரணம். நிறுத்திய மாத்திரை மீதியைச் செய்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் திரும்பியிருக்காது என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். நானும் லாரிக்காரர்களிடம் அப்படித்தான் சொல்வேன்.

கண் சரியாகிவிட்டது. கால் இன்னும் மரத்தே இருக்கிறது. கைத்தடி கொடுத்திருக்கிறார்கள்.

நினைவு வந்த பிறகு நான் முதலில் பார்த்தது ஞானப்பிரகாசத்தை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "கைத்தடிக்கு அடியில ரப்பர் தேஞ்சா உடனே மாத்திருங்க சார், வழுக்கும்" என்றார்.

மச்சானிடம் குடலிறக்கத் தையல் பிரிந்துவிட்டது என்று சாந்தாமணி சொல்லியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மாத்திரை போடுகிறேன். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிப்பதில்லை, முன்னாலும் பின்னாலும்தான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மெல்ல வேண்டும் என்பது விதி. நேற்று வரை கரண்டி கையிலேயே இருந்தது. இன்று வைத்தேன்.

அடுப்படிக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். தடியின் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. சாந்தாமணி மேடை ஓரமாக நின்றுகொண்டு, குக்கரிலிருந்தே வெறும் சாதத்தில் தயிரை ஊற்றித் தின்றுகொண்டிருந்தாள். தட்டு இல்லை. ஊறுகாய் இல்லை. என்னைப் பார்த்ததும் குக்கரை மூடினாள்.

"இதென்ன சாப்பாடு?" என்றேன்.

"போதுமுங்க எனக்கு."

"எத்தனை நாளா இப்படி?"

"உங்களுக்கு ஆபரேஷன் ஆனதுல இருந்துதானுங்க." பிறகு ஏதோ தேய்க்கிற பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க எளைக்கோணும்னு ஆஸ்பத்திரில அத்தனை பேர் இருந்தாங்க. எனக்கு யார்கூட உக்காந்து திங்கறதுன்னு யாருமே சொல்லலீங்களே."

தண்ணீர் எடுக்காமலே ஹாலுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கறிக்குழம்பு வைக்கச் சொன்னேன். அவளுக்கு. "உங்களுக்கு வாசம் ஆகாதுங்களே" என்றாள். ஆகும் என்றேன். மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். எனக்குச் சின்னக் கிண்ணத்தில் மசித்த கறி, அவளுக்குத் தட்டு நிறைய சாதம். முதலில் வெட்கப்பட்டாள். இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டபோது வெட்கப்படவில்லை.

நான் மெதுவாக மென்றதில் அவள் எனக்கு முன்னால் முடித்துவிட்டாள். கை காயக் காய உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கூட்டத்துக்கு சாந்தாமணியும் வந்தாள். நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று ஸ்டெல்லா மேரி கேட்டுக்கொண்டார். சொன்னேன். ஜாங்கிரி, ஜெனரேட்டர், போனில் சொன்ன பொய், எல்லாம். ரிப்போர்ட் வாசிக்கிற மாதிரி இருந்ததாக சாந்தாமணி பிறகு சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். பானு எழுந்தாள். முந்தின இரண்டு கூட்டத்திலும் அவள் எழுந்தபோது ஏதோ சுண்டல் செய்முறைதான் வந்தது.

"அண்ணன் சொன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நானும் சொல்லிப்போடறேன். எடை பாக்கற மெஷின்ல நான் ஏறி ஆறு மாசமாச்சுங்க. பதினோரு கிலோ திரும்ப ஏறிருக்கும்னு நெனக்கறேன். கடைக்கு வர்ற பொண்ணுங்களுக்குன்னு கிரீம் பிஸ்கட் வாங்கி வெப்போம். அதை ட்ரையல் ரூம்ல தாழ்ப்பாப் போட்டுக்கிட்டுத் தின்னுட்டிருக்கேன். வெளிய வந்து வாயத் தொடச்சுக்கிட்டு உங்களுக்கெல்லாம் போன் பண்ணி, தண்ணி குடிச்சீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேப்பேன்."

உட்கார்ந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. சாந்தாமணி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஞானப்பிரகாசம், "உங்களுக்கு யாரும்மா போன் பண்றாங்க?" என்று கேட்டார்.

"எனக்கா? எனக்கு எதுக்குங்க சார்?" என்றாள் பானு.



ஆகஸ்ட் 11, திங்கள்

சாயந்தரம் அவள் கூப்பிடுவதற்கு முன் நான் கூப்பிட்டேன். இந்த மாதிரிப் போனில் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "எத்தனை பிஸ்கட்?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது.

சிரித்துவிட்டாள். "பாக்கெட்டாத்தானுங்க கணக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 23, சனி

ஏற்பாடு இதுதான்: காலையில் நான் ஈரோட்டில் பூங்காவில் நடக்கிறேன். அவள் பெருந்துறையில் தன் தெருவில் நடக்கிறாள். இரண்டு பேர் காதிலும் போன். அதிகம் பேசுவதில்லை. சில நாள் அவள் மூச்சு வாங்குவதும், நாய் குரைப்பதும், சாதிக் யாரையோ அதட்டுவதும்தான் கேட்கும். எனக்குத் தடி ஊன்றும் சத்தம். நின்றால் தெரிந்துவிடுகிறது. "என்னங்கண்ணா, சத்தத்தக் காணோம்?" என்பாள். நடப்பேன்.

கடையில் கிரீம் பிஸ்கட்டை நிறுத்திவிட்டு வறுத்த கடலை வைத்திருக்கிறாள். கல்யாணப் பெண்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்களாம். மெஷினில் ஏறினாள். பதினோரு கிலோ இல்லை, பதிமூன்று. இன்னொரு சுற்று நடப்போம் என்றேன். நடந்தோம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வெள்ளியங்கிரி மச்சான் வீட்டில் புது மருமகனுக்கு விருந்து. காரில் போகும்போது சாந்தாமணி, "ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சுக்கலாமுங்க" என்றாள். சரி என்றேன். சமாளிக்கிற எண்ணம்தான் இருந்தது.

நாட்டுக்கோழி, மட்டன் பிரியாணி, பள்ளிபாளையம் சிக்கன். மச்சான் வழக்கம்போல் என் தட்டுக்கு எதிரில் வந்து நின்றார்.

"தையல் பிரியற அளவுக்கு நோஞ்சானாப் போயிட்டீங்க மாப்ள. தின்னு தேத்துங்க" என்று பெரிய கோழித்துண்டை எடுத்தார்.

தட்டின் மேல் கையை வைத்து மூடினேன்.

"மச்சான், எனக்கு நடந்தது குடலிறக்கம் இல்ல. வயித்தை வெட்டிச் சின்னதாக்கிட்டாங்க. எடை குறையறதுக்கு. உங்க மக கண்ணாலத்துல தின்னது ஒத்துக்காம, அதை மறைக்கப்போய்தான் கண்ணு தெரியாம, நடக்க முடியாம ஆச்சு. இந்தக் கிண்ணத்துல இருக்கறது எனக்குப் போதும்."

புது மருமகன் தன் தட்டைப் பார்த்தான். மச்சானின் சித்தப்பா ஒருவர் சிரித்தார். "அப்பிடிப் போடு! காசு குடுத்து வவுத்த அறுத்துக்கிட்டாராமா. சோத்தக் கொறச்சாப் போதாதாக்கும்?"

இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள். எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது சாந்தாமணி.

"சிரிங்க சித்தப்பா" என்றாள். பிரியாணியைப் பிசைந்துகொண்டே, குரலை உயர்த்தாமல். "நல்லாச் சிரிங்க. இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் எங்க வூட்டுக்காரரு பொய் சொல்லிச் சாகப் பார்த்தாரு. நானும் அவரோட சேந்து பொய் சொன்னேன். இனிமே சொல்றதா இல்லீங்."

எனக்குத் தெரிந்து அவள் பிறந்த வீட்டில் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. சித்தப்பா எலும்பை எடுத்துக் கடித்தார். மச்சான் அந்தக் கோழித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அப்புறம் அதைப் பாத்திரத்திலேயே திரும்பப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

கிளம்பும்போது கார் வரை வந்தார். சாந்தாமணி உள்ளே சொல்லிக்கொள்ளப் போயிருந்தாள். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தெருவைப் பார்த்தார்.

"ரொம்ப வலிக்குங்களா மாப்ள?"

"எது?"

"அறுக்கறது."

"இல்ல மச்சான். தாங்கிக்கலாம்."

"மூணு மாசமா நான் படுத்துத் தூங்கலீங்க. படுத்தா மூச்சு அடைக்குது. சேர்லயே உக்காந்துட்டுத் தூங்கறேன். வூட்ல யாருக்கும் தெரியாது. மண்டிக் கணக்குப் பாக்கறேன்னு சொல்லிட்டிருக்கேன்." திரும்பி வீட்டு வாசலைப் பார்த்தார். "அம்மிணிகிட்டச் சொல்லீறாதீங்."

அடுத்த ஞாயிறு கூட்டம் இருக்கிறது, சும்மா வந்து பாருங்கள் என்றேன். கதவைச் சாத்தினார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் அவரே வந்து வாசலில் ஹாரன் அடித்தார். கோயம்புத்தூர் வரை மஞ்சள் விலையைப் பற்றி மட்டும் பேசினார். ஆஸ்பத்திரி வந்ததும் காரைவிட்டு இறங்க மறுத்துவிட்டார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வண்டியப் பாத்துக்கறேன்."

வண்டி எங்கும் போகாது என்றேன். பார்த்துக்கொள்கிறேன் என்று மறுபடி சொன்னார். நான் மேலே போனேன்.

பானுவிடம் சொன்னதும், "எந்தக் கார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவள் கண்ணாடியைத் தட்டினாள். திறக்கவில்லை. வெயிலில் அப்படியே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடி இறங்கியது. என்ன பேசினார்கள் என்று தெரியாது. போனை எடுத்து எதையோ காட்டினாள். அவளுடைய பழைய போட்டோவாக இருக்கும். அதில் அவள் எங்கள் மச்சானை விடப் பருமனானவள்.

கூட்டம் தொடங்கி ஸ்டெல்லா மேரி பேசிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. பானு முன்னால் வந்தாள். பின்னால் அவர்.

நாற்காலி காலியாக இருந்தது. அவர் உட்காரவில்லை. சுவரோரமாக நின்றார். மச்சான் எந்த விசேஷத்திலும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பந்தியில் நிற்பார், சபையில் நிற்பார், துக்க வீட்டிலும் நிற்பார். எவ்வளவு பெரிய மனுஷர், உட்காராமல் உபசரிக்கிறாரே என்று ஊரில் சொல்வார்கள். கை வைத்த நாற்காலியில் இடுப்பு சிக்கிக்கொள்ளும்; பிளாஸ்டிக் நாற்காலி கால் விரியும்; நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் பல வருஷம் நின்றிருக்கிறேன். அவரைப் பற்றி ஒரு தடவைகூட அப்படி யோசித்ததில்லை.

இங்கே உள்ள நாற்காலிகளுக்குக் கை கிடையாது. இரும்புக் கால். ஞானப்பிரகாசம் தன் தடியால் ஒன்றைத் தள்ளி அவர் பக்கம் நகர்த்தினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மச்சான் நாற்காலியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். இன்னொரு தடவை அழுத்தினார். பிறகு உட்கார்ந்தார். முழு உடம்பையும் இறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"புதுசா ஒருத்தர் வந்திருக்காங்க. பேர் சொல்றீங்களா சார்?" என்றார் ஸ்டெல்லா மேரி.

"வெள்ளியங்கிரிங்க. ஈரோடு." தொண்டையைச் செருமினார். "எனக்கொண்ணும் இல்லீங். மாப்ளைக்குத் துணைக்கு வந்தனுங்க."

யாரும் சிரிக்கவில்லை. "நல்லதுங்க" என்றார் ஞானப்பிரகாசம். பானு தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.